பிழைத்தல்

நம் தாய்மொழியிற் பிழைத்தல் என்றொரு சொல் உண்டு. குறி தவறுதலும் குற்றஞ் செய்தலும் அதற்கு ஒரு பொருள். சாகாது உய்தல் மற்றொரு பொருள். "கணக்கிற் பிழைத்தான்" என்றும் கூறுகிறோம். "காய்ச்சலினின்றும் பிழைத்தான்" என்றும் கூறுகிறோம். ஒன்றற்கொன்று மாறுபட்ட இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் எங்ஙனம் வந்து குடிபுகுந்தன என்று இலக்கண வகுப்பில் இருந்தபோது யான் வியந்ததுண்டு. என் வியப்பிற்கு ஒருவாறு விடை கிடைத்தது கடல் கடந்த நாடொன்றன் விளையாட்டுக் களத்திலே. அதனை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

என் கதையை முதலிற் கூறிவிடுதல் நலம். யான் இக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயின்ற காலத்தில் கிரிக்கெட்டுக் குழுவின் விக்கெட்டுக் காப்பாளனாக நின்றேன். வேற்றூர்க் கல்லூரி ஒன்றன் குழுவினர் நம் களத்திற்கு வந்து ஆடிய ஒரு நாளில், அவர்களுள் வன்மைமிக்க மட்டையாளர் தந்த காட்ச் ஒன்று என் கையுறையில் விழுந்து தெறித்தோடியது. அடுத்த அரைமணிக்குள் அவரே தந்த இன்னொரு காட்சையும் நழுவவிட்டேன். அவர் நூறு ஓட்டங்களைக் கடந்தார், நாம் தோற்றோம். அன்றிரவு விடுதியின் உணவுக்கூடத்தில் எனக்குச் "சல்லடைக் கையர்" என்னும் பட்டம் வழங்கப்பெற்றது. வழங்கியவர்கள் என் நண்பர்களே. அவர்கள் நகையில் நஞ்சொன்றும் இருந்ததில்லை. ஆயினும் அது என் நெஞ்சிற் புண்ணாயிற்று.

மறுவாரத்துப் போட்டிக்கு முதல்நாள் மாலை எங்கள் குழுத்தலைவர் என் அறைக்கு வந்தார். அவர் எனக்கு ஓராண்டு மூத்தவர். "தம்பி, நாளைக்கும் நீதான் நிற்கிறாய்" என்றார். "அண்ணா, எனக்குக் காய்ச்சல்" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அது குளிர்ந்திருந்தது. ஒன்றும் கூறாது சென்றார். அன்று முதல் யான் கையுறையைத் தொட்டிலேன்.

அவ்வாண்டு அமெரிக்க நாட்டிலிருந்து வந்து நம் கல்லூரியிற் தங்கியிருந்த முதிய பேராசிரியர் ஒருவர், மாலைவேளைகளில் விளையாட்டுக் களத்தைச் சுற்றி உலவும் வழக்கமுடையவர். யான் களத்தினுட் செல்லாது புளியமரத்தடியில் நூலொன்றை விரித்துக்கொண்டு அமர்ந்திருத்தலைப் பலநாள் கண்டவர், ஒருநாள் காரணம் வினவினார். மறைக்க மனமின்றி உள்ளவாறே கூறினேன். அவர் அறிவுரை யாதும் பகர்ந்திலர். "பாப் பிரென்லி என்னும் பெயரைக் கேட்டிருக்கிறாயோ?" என்று மட்டும் கேட்டார். இல்லையென்றேன். அவர் அம்மரத்தடியிற் கூறியதும், பின்னர் யானே தேடிப் படித்தறிந்ததும் சேர்ந்ததே இனி வரும் வரலாறு.

பிரென்லியை அறிதற்குப் பேஸ்பால் என்னும் ஆட்டத்தைச் சிறிது அறிதல் வேண்டும். அஃது அமெரிக்க மக்கள் பெரிதும் போற்றும் ஆட்டம். களத்தில் நான்கு தளங்கள் சதுரமாக அமைந்திருக்கும்; ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடைவெளி 90 அடி. பந்தெறிவோர் 60 அடி 6 அங்குலத் தொலைவில் நின்று எறிவார். மட்டையாளர் அதனை அடித்துவிட்டுத் தளந்தோறும் ஓடித் தொடங்கிய தளத்திற்கே மீள்வாராயின் ஓர் ஓட்டம். பந்து வேலிக்கப்பாற் சென்று விழுமாயின் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். மட்டையாளர் அச்சமின்றி நான்கு தளங்களையும் சுற்றி வரலாம். மூவர் ஆட்டமிழந்தால் ஒரு குழுவின் முறை முடியும். இவ்வாறு இரு குழுவினரும் ஒன்பது முறை ஆடுவர்; அம்முறை ஒவ்வொன்றையும் இன்னிங்ஸ் என்பர்.

இவ்வாட்டத்தில் என் நெஞ்சைத் தைத்த வழக்கம் ஒன்றுண்டு. களத்தில் நிற்பவர் இயல்பாகப் பிடிக்க வேண்டிய பந்தைப் பிடியாது விடின், கணக்கர் அதனைப் பிழை என்றே ஏட்டிற் குறித்துவைப்பர். கிரிக்கெட்டில் நழுவிய காட்ச் ஓட்டப்பட்டியலில் ஏறுவதில்லை. கண்டோர் மறந்தால் அதுவும் மறையும். பேஸ்பாலிலோ ஓட்டம், அடி, பிழை என்னும் மூன்று எண்களும் ஒவ்வொரு குழுவின் பெயருக்கு நேரே பலகையில் எல்லோரும் காண நிற்கும். பிழைத்தவர் அப்பலகையின் கீழேயே நின்று எஞ்சிய ஆட்டத்தை ஆடுதல் வேண்டும்.

மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர் காட்சர் எனப்படுவர். நம் விக்கெட்டுக் காப்பாளருக்கு அவர் உடன்பிறந்தவர் என்னலாம். ஆயின் அவர் சுமை பெரிது. முகத்திற் கம்பிக்கூடும், மார்பிற் கவசமும், காலிற் காப்பும் அணிந்து, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முறை பந்தை எதிர்கொள்வர். எவ்வகைப் பந்தை எறிதல் வேண்டுமென்பதைப் பிரென்லி ஆடிய நாளிற் காட்சரே தொடைகளுக்கிடையே விரல்களை மறைத்துக் குறிகாட்டி வந்தார். மற்றையோர் எல்லாம் மட்டையாளரை நோக்கி நிற்க, அவரொருவரே களம் முழுவதையும் நோக்கியிருப்பவர். ஆதலின் காட்சராக இருந்தோர் பிற்காலத்திற் குழுவை நடத்தும் மானேஜராக உயர்தலும், ஒலிவாங்கியின்முன் அமர்ந்து ஆட்டத்தை மக்களுக்கு விளக்குதலும் அந்நாட்டிற் புதுமையன்று. பிரென்லி இம்மூன்று தொழிலையும் செய்தவர்.

அவர் 1954-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த கொஷாக்டன் என்னும் சிறு நகரிற் பிறந்தார். ஒஹாயோ பல்கலைக்கழகத்திற் பயின்றார். பெருங்குழுக்கள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரரை வரிசையாகப் பெயர் கூறித் தெரிந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். அவ்வரிசையில் இவர் பெயரை எவரும் கூறிற்றிலர். 1976-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் குழுவினர் இவரைத் தனியே ஏற்றுக்கொண்டனர். சிறு நகரங்களின் கீழ்நிலைக் குழுக்களில் ஐந்தாண்டு உழைத்தபின், 1981-இல், தம் 27-ஆம் அகவையிற் பெருங்களத்தில் ஏறினார். 1984-இல் 20 ஹோம் ரன்கள் அடித்து, அவ்வாண்டிற் சிறந்தோர் கூடி ஆடும் ஆல்-ஸ்டார் போட்டியிலும் இடம் பெற்றார். அவர் தம் ஆட்டக்காலம் முழுவதிலும் அடித்த ஹோம் ரன்கள் 91. நல்ல ஆட்டக்காரர், ஆயினும் உலகம் நினைவிற்கொள்ளும் பேராட்டக்காரர் அல்லர். அவரை உலகம் நினைவிற்கொள்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை பற்றியே.

1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14-ஆம் நாள். சான் பிரான்சிஸ்கோவில் அந்நாள் விளங்கிய காண்டில்ஸ்டிக் பார்க் என்னும் களம். கடற்காற்றுக்குப் பெயர்போன இடம். அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவினர் எதிராளிகள். காட்சராகிய பிரென்லி அன்று மூன்றாந்தளத்தைக் காக்க நிறுத்தப்பெற்றார். நான்காம் இன்னிங்ஸில் தரையோடு உருண்டு வந்த பந்தொன்றைத் தடுமாறி விட்டார்: ஒரு பிழை. பின்னர் மற்றொரு பந்து வந்தது. அதனையும் முதலிற் கைநழுவவிட்டு, பதறி எடுத்து எறிந்தார். எறிந்த பந்தும் நெறிதவறிப் போயிற்று: ஒரே பந்தில் இரு பிழைகள். அவ்வின்னிங்ஸ் முடியுமுன் இன்னொரு பந்தும் அவர் கைக்கு அடங்காது போயிற்று: நான்காம் பிழை. மூன்றாந்தளத்தைக் காத்தவர் எவரும் ஒரே இன்னிங்ஸில் அதனினும் மிகுதியாகப் பிழைத்ததாக ஏடுகளில் இல்லை. பிரேவ்ஸ் குழுவினர் நான்கு ஓட்டங்களை எளிதிற் பெற்றனர்.

ஐந்தாம் இன்னிங்ஸில் பிரென்லி மட்டை பிடித்து ஒரு ஹோம் ரன் அடித்தார். ஏழாம் இன்னிங்ஸில் அவர் அடித்த அடியால் இருவர் ஓடிவந்து ஓட்டம் பெற, கணக்கு 6-க்கு 6 என்று சமமாயிற்று. ஒன்பதாம் இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்த நிலையில் மீண்டும் அவர் முறை வந்தது. மீண்டும் ஒரு ஹோம் ரன். ஜயண்ட்ஸ் குழு 7-க்கு 6 என வென்றது.

இவ்விடத்திற் பேராசிரியர் நிறுத்தி என் முகத்தை நோக்கினார். அவர் எதிர்பார்த்த மகிழ்ச்சியை யான் காட்டவில்லை. "ஐயா, அவரிடம் ஆற்றல் இருந்தது, வென்றார். வெல்லுதலும் இல்லாதவன் என் செய்வான்?" என்றேன். என் வினாவிற் பொறாமையும் கலந்திருந்தது என்பதை இன்று உணர்கிறேன். மூன்று அடிகளால் நான்கு பிழைகள் அழிந்துவிட்டன என்று யான் அன்று எண்ணினேன். அவை அழியவில்லை. அன்றைய ஏட்டை இன்று எடுத்துப் பார்ப்பினும் நான்கு பிழைகளும் பிரென்லியின் பெயருக்கு நேரே அப்படியே நிற்கும். ஹோம் ரன்கள் வேறொரு வரிசையில் நிற்கும்.

பேராசிரியர் என் வினாவிற்கு நேர்விடை கூறாது, "கதை முடியவில்லை, அதே வினா அவர் முன்னும் பிற்காலத்தில் வந்து நின்றது" என்று தொடர்ந்தார்.

1989-ஆம் ஆண்டோடு பிரென்லி ஆடுதலை நிறுத்தினார். 1990-இலும் 1991-இலும் சிகாகோ கப்ஸ் குழுவின் ஆட்டங்களை வானொலியில் விளக்கினார். 1992 முதல் நான்காண்டு தம் பழைய குழுவிற் பயிற்றுநராக இருந்தார். பின்னர் மீண்டும் ஒலிவாங்கியின்முன் அமர்ந்தார். அரிஸோனா டயமண்ட்பாக்ஸ் என்னும் புதுக்குழு 1998-இல் ஆடத் தொடங்கியபொழுது அதன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் விளக்குபவருள் ஒருவரானார். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அக்குழுவின் மானேஜர் விலக்கப்பெற, அவ்விடத்திற்கு வருணனையாளராகிய பிரென்லியையே அழைத்தனர். மானேஜர் செய்வதை மேலிருந்து ஆராய்ந்துரைத்தவர், இப்பொழுது பிறர் ஆராய்ந்துரைக்கத் தாமே களத்தருகில் நிற்கலானார்.

முதலாண்டிலேயே அவர் குழு 92 ஆட்டங்களை வென்று, உலகத்தொடர் எனப்படும் இறுதிப் போட்டியை எய்தியது. எதிரே நியூயார்க் யாங்கீஸ். அதற்கு முந்திய மூன்றாண்டும் தொடர்ந்து வாகை சூடிய குழு. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்வோர்க்கே பட்டம். 2001 செப்டம்பர் 11-இல் நிகழ்ந்த பெருந்தாக்குதலால் ஆட்டங்கள் தள்ளிவைக்கப்பெற்று, அத்தொடர் நவம்பர் வரை நீண்டது. துயருற்ற அந்நகரின் மக்கள் தம் குழுவின் வெற்றியில் ஆறுதல் தேடிய காலம் அது.

அக்டோபர் 31-ஆம் நாள் நியூயார்க்கில் நான்காம் ஆட்டம். அரிஸோனா குழுவினர் 3-க்கு 1 என முன்நின்றனர். கொரிய நாட்டிலிருந்து வந்த 22 அகவை இளைஞரும், தாழக் கைசுழற்றிப் பந்தெறிவதில் வல்லவருமான பியங்-ஹியுன் கிம் என்பாரிடம் இறுதிப் பணியை ஒப்புவித்தார் பிரென்லி. ஒன்பதாம் இன்னிங்ஸில் இருவர் ஆட்டமிழந்துவிட்டனர். இன்னும் ஒருவரே எஞ்சினார். அப்பொழுது டினோ மார்ட்டினெஸ் என்பவர் கிம்மின் பந்தை வேலிக்கப்பால் அடித்துக் கணக்கைச் சமமாக்கினார். நள்ளிரவு கடந்து, பத்தாம் இன்னிங்ஸில் டெரெக் ஜீட்டர் இன்னொரு ஹோம் ரன் அடிக்க, யாங்கீஸ் வென்றனர்.

அடுத்த இரவு ஐந்தாம் ஆட்டம். அரிஸோனா குழுவினர் 2-க்கு 0 என முன்நின்றனர். ஒன்பதாம் இன்னிங்ஸ். பந்தெறிய எவரை அனுப்புவது? முன்னிரவில் அறுபதிற்கு மேற்பட்ட பந்துகளை எறிந்து களைத்தவர் கிம். நாடு முழுவதும் காணத் தோற்றவர். பிரென்லி அவரையே அனுப்பினார். மீண்டும் இருவர் ஆட்டமிழந்தனர். மீண்டும் ஒருவரே எஞ்சினார். ஸ்காட் புரோஷியஸ் என்பவர் மீண்டும் பந்தை வேலிக்கப்பால் அடித்தார்! கணக்குச் சமமாயிற்று. கிம் தாம் நின்ற மேட்டிலேயே குந்தியமர்ந்துவிட்டார். தோழர்கள் வந்து தேற்றினர். பன்னிரண்டாம் இன்னிங்ஸில் அவ்வாட்டமும் போயிற்று.

பிரென்லியைப் பலரும் வன்மையாகக் கண்டித்தனர். கண்டனத்திற் பொருள் உண்டு. களைத்த கையை மறுநாளும் அனுப்பியது பிழை என்றே யானும் எண்ணுகிறேன். ஆயினும் அப்பிழையை நினைக்கும்தோறும் வேறொன்றும் உடன் நினைவிற்கு வருகிறது. நான்கு பிழை செய்த ஒருவரை எஞ்சிய ஐந்து இன்னிங்ஸும் களத்தினின்றும் நீக்காது ஆடவிட்ட நாளொன்று அவர் வாழ்விலும் இருந்ததன்றோ? அதனை எண்ணியே கிம்மை அனுப்பினார் என்று யான் துணிந்து கூறேன். அவர் உள்ளம் அவருக்கே வெளிச்சம். யான் அறிவது ஒன்றே: என் அறைக்கு வந்து என் நெற்றியைத் தொட்டவர் நினைவிற்கு வந்தார்.

அவ்விரவைப்பற்றிப் பேராசிரியர் கூறி முடித்தபொழுது இருட்டிவிட்டது. என் வினாவிற்குரிய விடை அங்கே இருந்தது. கிம்முக்கு மறுநாள் வெற்றி கிடைக்கவில்லை. முதலிரவினும் கொடிய தோல்வியே கிடைத்தது. யானோ மறுநாள் தோல்வியினின்றும் என்னைக் காத்துக்கொண்டேன். கிம்முக்குக் காய்ச்சல் வரவில்லை, எனக்கு வந்தது. இரண்டனுள் எவர் நிலை மேலானது என்பதை எனக்கு எவரும் சொல்லவேண்டியிருந்ததில்லை.

தொடரின் முடிவைச் சுருங்கக் கூறுவேன். ஆறாம் ஆட்டத்தில் அரிஸோனா குழு 15-க்கு 2 என வென்றது. நவம்பர் 4-ஆம் நாள் ஏழாம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்ஸில் யாங்கீஸ் 2-க்கு 1 என முன்நிற்க, பந்தெறிந்தவர் மாரியானோ ரிவேரா. அப்பணியில் அவருக்கு நிகரானவர் இல்லையென்று போற்றப்பெற்றவர். அவரும் ஓரிடத்தில் நெறிதவறி எறிந்தார். லூயிஸ் கொன்சாலெஸ் என்பவர் அடித்த பந்து காப்பாளர் தலைக்குமேல் மெல்லச் சென்று புல்லில் விழ, 3-க்கு 2 எனப் பட்டம் அரிஸோனாவுக்கு ஆயிற்று. முதலாண்டிலேயே உலகத்தொடரை வென்ற மானேஜர், 1961-இல் வென்ற ரால்ப் ஹவுக் என்பவருக்குப்பின் பிரென்லியே. அடுத்த ஆண்டும் கிம்மிடமே இறுதிப் பணியை ஒப்புவித்தார். 2002-இல் கிம் 36 முறை வெற்றியைக் காத்துத் தந்து, ஆல்-ஸ்டார் போட்டியிலும் இடம் பெற்றார்.

புகழ் நெடிது நிற்கவில்லை. 2004-இல் அரிஸோனா குழு 29 வென்று 50 தோற்ற நிலையிற் பிரென்லி விலக்கப்பெற்றார். 2005 முதல் 2012 வரை கப்ஸ் குழுவின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் விளக்கினார். 2013-இல் அரிஸோனாவின் ஒலிவாங்கிக்கே மீண்டார். அங்கும் ஒரு பிழை காத்திருந்தது. 2021-இல் கறுப்பினத்துப் பந்தெறிவோர் ஒருவர் அணிந்த தலைத்துணியைக் குறித்து அவர் உரைத்த சொல் இழிவானதென்று கண்டிக்கப்பெற்றது. அவர் மன்னிப்பு வேண்டினார்; சிலநாள் பணியினின்றும் ஒதுங்கியிருந்தார்; பின்னர் மீண்டார். கையிற் பிழைத்தவர் நாவிலும் பிழைத்தார். இதனை மறைத்து எழுதின் அவரைப் பெரியவராக்கலாம். அவர் வரலாறு நமக்குப் பயன்படாது போகும்.

இடுக்கணழியாமை என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். திருமறையிலும் மும்முறை மறுதலித்த பேதுருவினிடமே மந்தையை மேய்க்கும் பணி ஒப்புவிக்கப்பெற்றது. இவற்றைத் தேர்வுக்கெனப் பலமுறை படித்திருக்கிறேன், சிற்றாலயத்திலும் கேட்டிருக்கிறேன். பேதுரு அழுததையே நினைவிற் கொண்டேன். அழுதபின் கடற்கரைக்கு வந்ததை மறந்தேன்.

சென்ற ஆண்டு, கல்லூரியை விட்டுச் சென்றுவிட்ட எங்கள் பழைய குழுத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை என்பதே அதன் சாரம். அவர் விடை இரண்டே வரி: "அன்றே தெரியும், தம்பி. கையுறை எங்கே இருக்கிறது?"

கையுறை விடுதியறையின் பரண்மேல் இருந்தது. தோல் காய்ந்து விறைத்திருந்தது. எண்ணெய் தடவி மூன்றுநாள் வெயிலில் வைத்தேன். இவ்வாண்டு விடுதிகளுக்கிடையே நிகழ்ந்த போட்டியில் எங்கள் விடுதிக்காக விக்கெட்டின்பின் நின்றேன். இரண்டு காட்சுகள் வந்தன. ஒன்றைப் பிடித்தேன், ஒன்று நழுவிற்று. உணவுக்கூடத்திற் பழைய பட்டம் மீண்டும் ஒலித்தது. இம்முறை யானும் உடன் நகைத்தேன். அடுத்த போட்டிக்கும் என் பெயரையே எழுதியிருக்கின்றனர்.

அன்றைய ஆட்டத்தில் யான் பிழைத்தேன். எப்பொருளில் என்பதைப் படிப்போரே தெரிந்துகொள்க.